கிழக்குக் கிளைப்பாதை ஏன் இல்லை

என் பிரியாவிடை அன்று, கேக் வெட்டிக்கொண்டிருக்கும்போதே, நம் திட்ட அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் மூவரும் என்னை ஒரு மூலைக்குக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டீர்கள். துறைமுகத்திலிருந்து புறப்படும் புதிய ட்ராம் பாதையின் பழைய வரைவில் ஒரு கிளை இருந்தது. பிரான்காச்சோவையும் தாண்டி, நகரத்தின் கடைசி அடுக்குமாடிகள் வரைக்கும் அது போனது. இறுதி வரைபடத்தில் அது இல்லை. ஏன் என்று கேட்டீர்கள். நான் வாயில் கேக்கை அடைத்துக்கொண்டு தப்பினேன். அந்தப் பதிலைச் சொல்ல எனக்கு மேசையும் தாளும் தனிமையும் வேண்டியிருந்தது.

பலேர்மோவில் இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் உடனே பதில் கிடைக்கும். அரசியல், ரோமில் இருக்கிறவர்கள், காசு தின்றவர்கள் என்று பாரில் கோப்பி குடிக்கும் ஒவ்வொருவரும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார்கள். எனக்கும் அப்படிச் சொல்லிவிட்டுப் போக ஆசைதான். ஆனால் அந்தக் கிளையை வெட்டியது நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு, தேவாலய மண்டபத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, நீலப் பேனாவால் வெட்டினேன்.

தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் நடந்ததெல்லாம் தமிழில் நடந்தது. உங்களில் தமிழ் தெரியாத அந்தப் பிள்ளைக்கு மற்ற இருவரும் வாசித்துச் சொல்லுங்கள். நல்ல பகுதிகளை மட்டும் சொல்லி என்னைக் காப்பாற்ற வேண்டாம்.

நான் இந்த அலுவலகத்துக்கு வந்தது தரை துடைக்க. யாழ்ப்பாணத்தில் படவரைஞர் படிப்பை முடித்த கையோடு இங்கே வந்து, எட்டு வருஷம் ஒரு சிஞ்ஞோரா வீட்டில், அதாவது ஒரு இத்தாலிய அம்மா வீட்டில், சமைத்துத் துடைத்துவிட்டு, பிறகு இந்தக் கட்டடத்துத் தரையைத் துடைக்க வந்தேன். ஒருநாள் மேசையில் விரித்திருந்த படத்தில் வடக்கு எந்தப் பக்கம் என்று குறிக்காமல் விட்டிருந்தார்கள். துடைத்துக்கொண்டே சொன்னேன். எங்கள் தலைமைப் பொறியாளர் துடைப்பத்தை வாங்கிச் சுவரில் சாத்திவிட்டு, "வேறு என்ன இல்லை?" என்று கேட்டார். பெயர் வேண்டாம். எல்லோரும் அவரை இன்ஜென்யேரே என்றுதான் கூப்பிட்டோம், இங்கே பொறியாளரைக் கூப்பிடுகிற மாதிரி.

அவரிடம் நான் விட்ட முதல் பிழையைச் சொன்னால் இன்னும் சிரிப்பு வரும். துறைமுகத்து பஸ் தரிப்பிடத்தில் ஆட்களை எண்ணச் சொன்னார். எண்ணிக்கொண்டு போய், இவ்வளவு சனம், நான்கு ட்ராம் விட்டாலும் போதாது என்று பெருமையாகச் சொன்னேன். தாளைப் பார்க்காமலே, "எந்தக் கப்பல் வந்தது?" என்று கேட்டார். நேப்பிள்ஸ் கப்பல் வந்து இறங்கிய சனத்தை, தினமும் பஸ் எடுக்கிற சனம் என்று எண்ணியிருந்தேன். மறுநாள் போய்த் திரும்ப எண்ணினேன். இல்லாத சனத்தை எண்ணினால் யாராவது ஒருவர் கண்டுபிடித்துவிடுவார். இருக்கிற சனத்தை எண்ணாமல் விட்டால்தான் ஒருவருக்கும் தெரியாது. இதை நான் அன்று யோசிக்கவில்லை.

ட்ராம் பாதைக்குப் பணம் எப்படி வருகிறது என்று நீங்கள் படித்திருப்பீர்கள். எங்கிருந்து எங்கே எத்தனை பேர் போகிறார்கள் என்று கோப்பில் ரோமுக்குக் காட்ட வேண்டும். காட்டினால் கிடைக்கும். காட்டாவிட்டால், அந்த இடத்தில் ஊரே நின்று கையசைத்தாலும் கிடைக்காது. அதற்காகத்தான் கணக்கெடுப்பு. முதல் சுற்றில் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளைத் தரிப்பிடங்களுக்கு அனுப்பினார்கள். எங்கள் ஆட்கள் அவர்களைக் கண்டதும், இத்தாலியன் தெரியாத முகத்தை வைத்துக்கொண்டு விலகிப் போய்விட்டார்கள். பஸ்ஸுக்குள் தலை எண்ணியவர்களோ ஏழு மணிக்குத்தான் வேலை தொடங்கினார்கள். எங்கள் பெண்கள் ஐந்தேகாலுக்கு ஏறுகிறவர்கள்.

இன்ஜென்யேரே என்னைக் கூப்பிட்டார். அவர் பிரான்காச்சோப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர். கார் இருந்தும் அங்கிருந்து முதல் பஸ்ஸில்தான் வருவார். "உன் சனத்தைப் பஸ்ஸில் தினமும் பார்க்கிறேன், தாளில் ஒருவரையும் காணவில்லை. நீ போய்க் கேள்" என்றார். என் தலையில் கட்டிவிட்டார் என்று வெளியே முணுமுணுத்தாலும், உள்ளுக்குள் எனக்குப் பெருமை. ஒரு கட்டு படிவங்களோடு போனேன்.

படிவத்தில் பெயர் கேட்கவில்லை. வேலை நாளில் காலையில் எந்த விலாசத்திலிருந்து புறப்படுகிறீர்கள், எந்த விலாசத்துக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்கு, எதில். அவ்வளவுதான். ஆனால் மேலே நகரசபையின் முத்திரை அச்சடித்திருந்தது.

பூசை முடிந்து சனம் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. முதலில் வந்து உட்கார்ந்தவள் ரெஜீனா. மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை, கணவர் இல்லை. மகளை ஊரில் தங்கச்சியிடம் விட்டுவிட்டு வந்து, லிபெர்த்தா வீதியில் ஒரு வயதான சிஞ்ஞோரா வீட்டில் காலை ஆறரைக்கு வேலை தொடங்குகிறவள்.

"மலர் அக்கா, இது கெஸ்தூராவுக்குப் போகுமோ?" என்று கேட்டாள். கெஸ்தூரா என்பது இங்கே பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி கொடுக்கிற பொலிஸ் அலுவலகம். எங்கள் ஆட்களுக்கு அதைவிடப் பெரிய அரசாங்கம் இல்லை.

"இல்லைப் பிள்ளை. இது ட்ராம் விடுறதுக்கு. பேர்கூடக் கேக்கேல்லை."

"மேலை முத்திரை கிடக்குதே."

"அது சும்மா. சொல்லும், காலமை எங்கையிருந்து வெளிக்கிடுறனீர்?"

ரெஜீனா திரும்பிப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் குனிந்தாள்.

"கார்த்தாவிலை சிஞ்ஞோரான்ரை வீடுதான் கிடக்கு. அதை எழுதுங்கோ அக்கா. வேறை ஒண்டும் எழுதாதேங்கோ. மகளை இஞ்சை கூப்பிடப் போட்ட பேப்பர் உள்ளுக்கை நிக்குது. நான் அங்கை இல்லை எண்டு எங்கையாவது எழுத்திலை வந்தால் எல்லாம் போச்சு."

வீட்டு வேலைக்கு வந்த எங்கள் ஆட்களில் பாதிப்பேரின் கதை அதுதான். இருப்பது நகரத்துக் கடைசியில், ஒப்பந்தம் எழுதித் தராத வீட்டுக்காரனின் இரண்டு அறைகளில். அந்த வீட்டை வைத்துப் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க முடியாது. அதனால் சிஞ்ஞோராக்கள் தங்கள் விலாசத்தைத் தந்து உதவுவார்கள். கார்த்தா என்கிற அடையாள அட்டையில் லிபெர்த்தா வீதி, தலையணை பிரான்காச்சோவுக்கு அப்பால். ரெஜீனா அந்த இரண்டு அறையை எடுத்ததே மகள் வந்தால் தனியாக ஒரு இடம் வேண்டும் என்றுதான். கட்டில்கூட வாங்கிப் போட்டுவிட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

நானும் அப்படி இருந்தவள்தான். வதிவிடம் பார்க்க நகரசபை ஆள் வருகிற நாளில், என் செருப்பையும் பற்தூரிகையையும் கொண்டுபோய் சிஞ்ஞோரா வீட்டுக் குசினியோடு ஒட்டிய அறையில் வைத்துவிட்டு, அங்கேயே பிறந்தவள் மாதிரி நின்றிருக்கிறேன். அந்தப் பயம் எட்டு வருஷம் என்னோடு இருந்தது. வேலை மாறி, பத்திரம் எல்லாம் சரியான பிறகும் அது போகவில்லை. முத்திரை போட்ட எந்தத் தாளிலும் எங்கள் ஆட்கள் கார்த்தாவில் உள்ளதைத்தான் சொல்வார்கள், டாக்டர் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். எனக்கு அப்போது தெரியவில்லை. ரெஜீனாவின் முகம் தெரிந்தது. எழுதினேன். புறப்படும் இடம் லிபெர்த்தா வீதி, போகும் இடம் அதே லிபெர்த்தா வீதி, வாகனம் இல்லை. அவள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு எழுந்தாள். பின்னால் நின்றவர்கள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். அடுத்தவள் உட்கார்ந்ததும், "எனக்கும் கார்த்தாவிலை உள்ளதை எழுதுங்கோ" என்றாள். ஒருத்திக்கு ஒரு மாதிரி, மற்றவளுக்கு வேறு மாதிரி எழுதினால் ரெஜீனா மட்டும் தனியாகத் தெரிவாள் என்று நினைத்தேன். எல்லோருக்கும் அப்படியே எழுதினேன். அடுத்த கிழமை சைவக் கோயில் மண்டபத்திலும் அப்படியே எழுதினேன். இவ்வளவு பெரிய ட்ராமுக்கு எங்கள் நாலு பெண்கள் கணக்கில் இல்லாவிட்டால் என்ன வந்துவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன். அதை நினைத்தால்தான் இப்போது தூக்கம் வருவதில்லை.

கோப்பு ரோமுக்குப் போவதற்கு ஒரு கிழமை இருக்கும்போது வரைபடம் வந்தது. பயணங்களைக் கோடுகளாகப் போட்டிருந்தார்கள். சனம் கூடுதலாகப் போகும் இடத்தில் கோடு தடிப்பாக இருக்கும். துறைமுகம், ரயில் நிலையம், ஆஸ்பத்திரி எல்லாம் கோடுகளால் கறுத்துக் கிடந்தன. பிரான்காச்சோவுக்கு அப்பால் வெறும் தாள். லிபெர்த்தா வீதியில் மட்டும், நகராமல் நின்ற இடத்திலேயே வேலை செய்கிற சனத்துக்கு ஒரு கொத்துப் புள்ளிகள்.

இன்ஜென்யேரே அந்த வெறும் இடத்தில் உள்ளங்கையை வைத்தார்.

"மலர், இங்கே ஒருவரும் இல்லையா?"

நான் லிபெர்த்தா வீதிப் புள்ளிகளைப் பார்த்தேன்.

"நான் தினமும் இவர்களோடு நின்றுகொண்டு வருகிறேன். எனக்கு உட்கார இடம் கிடைப்பதில்லை. இங்கே ஒருவரும் இல்லையா?"

"அவர்கள் சொன்னதைத்தான் எழுதினேன்" என்றேன்.

அந்த வசனத்தில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதுதான் அதன் கேவலம்.

அவர் தாளிலிருந்து கையை எடுத்தார். "நான் கண்ணால் பார்த்ததைக் கோப்பில் வைக்க முடியாது. தாள் வேண்டும். வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்றார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்ற மனிதர். ஒரு கிழமை இருந்தது. ஒரு கிழமையில் திரும்பக் கேட்டிருக்கலாம். சொன்னால் படிவங்கள் எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்பார்கள், ஏன் தமிழ்ச் சனம் மட்டும் இப்படி என்று கேட்பார்கள், யாராவது ஒருவர் கெஸ்தூராவில் இருக்கிற மைத்துனரிடம் வாய்விடுவார், ரெஜீனாவின் மகள் அங்கேயே நின்றுவிடுவாள். இப்படித்தான் என் மூளை ஓடியது. "ஒன்றும் இல்லை" என்றேன்.

கோப்பு போய் இரண்டு நாள் கழித்து, படி இறங்கும்போது அவரை மறித்து எல்லாவற்றையும் கொட்டினேன். ஏன் அன்று சொன்னேன் என்றால், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்ததால் வாய் வந்தது. அவர் திட்டவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எந்தத் தரிப்பிடத்தில் பஸ் ஏறுகிறாய் என்று கேட்டிருக்கலாமே" என்றார். "பஸ் தரிப்பிடம் ஒருவரின் வதிவிடம் இல்லையே, மலர்."

இவ்வளவுதான். முத்திரை இல்லாத ஒரு வெள்ளைத் தாள், ஒரே ஒரு கேள்வி. ரெஜீனாவும் பயப்படாமல் சொல்லியிருப்பாள், கோடும் விழுந்திருக்கும். இரண்டையும் காப்பாற்ற ஒரு வழி என் மூக்குக்குக் கீழேயே இருந்தது. ஆனால் நான் அவர்களில் ஒருத்தியாகவே அந்தக் கதிரையில் உட்கார்ந்திருந்தேன். தொழில் தெரிந்தவள் ஒருத்தி அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. அந்த வருஷமே அவர் ஓய்வு பெற்றார். கோப்பு திரும்பி வந்தபோது பிரதான பாதைக்குப் பணம் கிடைத்திருந்தது. கிளைப்பாதைக்கு நேரே, தேவை காட்டப்படவில்லை என்று ஒரு வரி இருந்தது. நியாயமான வரி.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். வேலை தொடங்கியதும் வீதிகளைக் கிண்டினார்கள், பஸ்களை மாற்றி அமைத்தார்கள். எங்கள் வரைபடத்தை வைத்துத்தான் அமைத்தார்கள், வேறு எதை வைத்து அமைப்பார்கள்? ஒருவரும் போகாத இடத்துக்கு ஐந்தேகால் மணிக்கு எதற்கு பஸ்? அது நின்றது. முதல் பஸ் ஆறரைக்கு என்று ஆனது.

அந்த அடுக்குமாடிச் சனம் கத்திய கத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். திட்டத்தின் சார்பில் ஒரு இளைஞன் எங்கள் வரைபடத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டினான். மரியாதையான பையன், வேலை தெரிந்தவன். ரெஜீனா எழுந்து, தன் வேலைக்கார இத்தாலியனில், "ஐந்தேகால் பஸ்ஸில் நாங்கள் எல்லோரும் போவோம். நிற்கவும் இடமிருக்காது. அந்த பஸ் எங்கே?" என்று கேட்டாள். அவன் தாளைப் புரட்டிப் பார்த்து, "மன்னிக்க வேண்டும் சிஞ்ஞோரா, கணக்கெடுப்பின்படி அந்த நேரத்தில் இங்கிருந்து ஒருவரும் புறப்படுவதில்லை" என்றான்.

ரெஜீனா மண்டபம் முழுக்கப் பார்த்தாள். என்னைக் கண்டதும் அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா! நீங்கள்தானே எங்களிட்டைக் கேட்டு எழுதினனீங்கள். சொல்லுங்கோ இவருக்கு!"

எழுந்தேன். எங்கள் பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நடந்ததைச் சொன்னால், அங்கே இருந்த ஒவ்வொருத்தியின் பொய் விலாசமும் கூட்டக் குறிப்பில் ஏறும். சொல்லாவிட்டால் நான் எதற்கு எழுந்தேன்?

"கணக்கெடுப்பில் பிழை இருக்கிறது. பிழை என்னுடையது" என்றேன்.

"என்ன மாதிரியான பிழை, சிஞ்ஞோரா?"

"அதைச் சொல்ல முடியாது."

முன்வரிசையில் சிசிலியக் கிழவி ஒருத்தி சத்தமாகச் சிரித்தாள். அந்தப் பையன் ஏதோ எழுதிக்கொண்டான். பணம் முடிவான திட்டத்தில் கிளை சேர்க்க முடியாது, பஸ் விஷயத்தை மேலே சொல்கிறேன் என்றான். சொல்லியும் இருப்பான். பஸ் வரவில்லை.

வெளியே ரெஜீனா காத்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் அக்கா உங்கடை பிழை எண்டு சொன்னனீங்கள்? நாங்கள் சொன்னதைத்தானே எழுதினனீங்கள்?"

"அதுதான் பிழை. எல்லாருக்கும் கார்த்தாவிலை உள்ளதை எழுதினன். அதாலை இஞ்சை ஒருத்தரும் இல்லை எண்டு வந்திட்டுது."

அவள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றது, என் இத்தனை வருஷ வேலையில் நான் செய்த மிகக் கஷ்டமான வேலை.

"அப்ப, நான் கேட்டதாலை."

"இல்லை. நான் எழுதினதாலை."

அவள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. நான் பேச்சை மாற்ற வேண்டும் என்று, முட்டாள்தனமாக, "மகளின்ரை பேப்பர் என்ன மாதிரி?" என்று கேட்டேன்.

"அது எப்பவோ திரும்பி வந்திட்டுது அக்கா. சிஞ்ஞோரா வீட்டு அறை ரெண்டு பேருக்குக் காணாதாம். அந்த விலாசத்திலை பிள்ளையைக் கூப்பிடேலாதாம். வேறை வீடு காட்டச் சொன்னவை. நான் எதைக் காட்டுறது? இப்ப அவளுக்குப் பதினெட்டு முடிஞ்சுது. இனிக் கேக்கேலாது."

எந்த விலாசத்தைக் காப்பாற்ற ஒரு ட்ராம் பாதையை வெட்டினேனோ, அந்த விலாசம்தான் மகளை வரவிடாமல் செய்தது. இதில் ஏதாவது ஆறுதல் இருக்கிறதா என்று நான் நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

நீங்கள் மூவரும் கேட்டதற்காக, தொழிலுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பயந்தவர்களிடம் அவர்கள் பயப்படுகிற கேள்வியைக் கேட்காதீர்கள். வேறு கேள்வி எப்போதும் இருக்கும், அதைத் தேட நேரம் எடுங்கள். ஒருவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு "வேறு ஏதாவது இருக்கிறதா" என்று கேட்டால், இருக்கிறது என்று சொல்லுங்கள். இதைச் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. நான் செய்யவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

போன மாதம் லிபெர்த்தா வீதியில் ரெஜீனாவைக் கண்டேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். சிஞ்ஞோராவின் நாயைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மெலிந்திருந்தாள். பஸ் இல்லாமல் கொஞ்சக் காலம் நடந்து பார்த்தாளாம். அடிக்கடி பிந்திப் போயிருக்கிறாள். வீட்டோடு தங்கி வேலை செய்வதானால் வா, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கிறேன் என்று சிஞ்ஞோரா சொல்லிவிட்டார். அந்த இரண்டு அறையை விட்டுவிட்டாள். கட்டிலை யாரோ புதிதாக வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டாளாம், உறை கழற்றாத மெத்தையோடு. இப்போது குசினியோடு ஒட்டிய அறையில் இருக்கிறாள். ஞாயிறு பின்னேரம் மட்டும் வெளியே.

நடு வீதியில் நின்று அழத் தொடங்கிவிட்டேன். அவள் நாயின் கயிற்றை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு என் தோளைத் தடவினாள்.

"அழாதேங்கோ அக்கா. நீங்கள் எழுதினது இப்ப சரிதானே. நான் இப்ப அங்கைதான் இருக்கிறன்."

குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. என்னைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னாள்.